முதலாளியோடு ஒத்துப்போவது எப்படி? ரைஸ் மில் கணக்கு மேஜையிலிருந்து

அண்ணன் மகள் தஞ்சாவூரில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. ராத்திரி ஒன்பதரைக்குப் போன் வந்தது. "அத்தை, முதலாளி என்கிட்ட மட்டும் முகம் கொடுத்துப் பேச மாட்டேங்கிறார். நான் என்ன தப்பு செஞ்சேன்னே தெரியல" என்று அழுதாள். அன்றைக்கு ஆரம்பித்து நாலைந்து ராத்திரி அவளோடு பேசினேன். பேசியதை இங்கே எழுதி வைக்கிறேன். முதல் வேலையில் அவளைப் போலவே தவித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறையப் பேர் இருப்பார்கள்.

நான் நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு ரைஸ் மில்லில் 2003-லிருந்து கணக்குப் பார்க்கிறேன். மன்னார்குடியில் பி.காம். முடித்த கையோடு சேர்ந்தேன். முதல் பதினைந்து வருஷம் பெரியவரிடம் வேலை, அப்புறம் அவர் மகனிடம். மேனேஜர், எச்.ஆர். என்று நடுவில் ஒருவரும் கிடையாது. முதலாளிக்கும் எனக்கும் நடுவில் இருப்பது ஒரு மேஜைதான். பெரிய கம்பெனியில் இருப்பவர்களுக்கு நான் சொல்வதில் பாதி பொருந்தாமல் போகலாம். ஆனால் நம் பக்கத்தில் மில், ஜவுளிக்கடை, உரக்கடை, பைனான்ஸ், ஸ்கேன் சென்டர் என்று பலரும் போவது இந்த மாதிரி இடங்களுக்குத்தான்.

முதல் இரண்டு வாரம் அவரைக் கவனியுங்கள்

பெரியவர் காலை ஆறு மணிக்கு மில்லுக்கு வருவார். ஆபீசுக்கு வர மாட்டார். நேராக பாய்லர் பக்கம் போய் உமி எரிவதைப் பார்ப்பார். அப்புறம் டிரையரிலிருந்து ஒரு கை நெல்லை அள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, உமியை ஊதிவிட்டு, ஒரு அரிசியை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடிப்பார். 'டக்'கென்று உடைந்தால் நெல் பதமாகக் காய்ந்திருக்கிறது. நசுங்கினால் ஈரம் இருக்கிறது, அரைத்தால் குருணை விழும். ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்த்தால் அவர் தாடை அசைவதுகூடத் தெரியும். நசுங்கிய நாளில் பத்தரை மணிக் காபி முடியும்வரை பணப் பேச்சை எடுக்கக் கூடாது. இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. இரண்டு மாதம் திட்டு வாங்கிய பிறகு நானே கண்டுபிடித்தது. சேர்ந்ததுமே கவனித்திருந்தால் அந்த இரண்டு மாதம் மிச்சம்.

அதனால் அண்ணன் மகளிடம் முதலில் இதைத்தான் செய்யச் சொன்னேன். ஒரு சின்ன நோட்டு வாங்கி, இரண்டு வாரம் அவரைக் கவனித்து எழுது. எத்தனை மணிக்கு வருகிறார், வந்ததும் எதைத் தொடுகிறார், யார் போன் வந்தால் எழுந்து வெளியே போய்ப் பேசுகிறார், எப்போது நாற்காலியில் சாய்ந்து உட்காருகிறார். அந்த நோட்டை வீட்டிலேயே வை, கடைக்கு எடுத்துப் போகாதே.

ஆறாம் நாள் அவளே கூப்பிட்டாள். காலை பத்து மணிக்கு அவர் முந்தின நாள் கல்லாவை எண்ணி முடிக்கிற நேரம். இவள் தினமும் சரியாக அப்போதுதான் சந்தேகம் கேட்கப் போய் நின்றிருக்கிறாள். நோட்டுக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு எண்ணிக்கையை விட்டுவிட்ட மனிதர் முகம் எப்படி இருக்கும்? இப்போது சந்தேகங்களை எல்லாம் சேர்த்து வைத்து, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரே தடவையில் கேட்கிறாள். அவர் பதில் சொல்கிறார்.

அவருடைய கவலை எந்த மாதத்தில் வருகிறது

நமக்கு மாதாமாதம் ஒரே சம்பளம். முதலாளிக்கு எல்லா மாதமும் ஒன்று கிடையாது. இது புரியாதவரை அவர் கோபம் நமக்கு மழை மாதிரி, எங்கிருந்தோ வந்து கொட்டும்.

மில் தொழிலை எடுத்துக்கொள்ளுங்கள். நெல் வாங்கினால் அன்றைக்கே பணம் எண்ணி வைக்க வேண்டும். அரைத்த அரிசியை அனுப்பினால் கடைக்காரரிடமிருந்து பணம் வர முப்பது, நாற்பது நாள். நடுவில் இருக்கிற பள்ளத்தை வங்கியின் சி.சி. கணக்குதான் நிரப்பும், அதாவது ஒரு வரம்பு வரை கடனாக எடுத்து, பணம் வந்ததும் திருப்பிக் கட்டுகிற கேஷ் கிரெடிட் கணக்கு. கையில் எத்தனை மூட்டை இருக்கிறது, வெளியே எவ்வளவு பாக்கி நிற்கிறது என்று மாதாமாதம் வங்கிக்கு அறிக்கை கொடுக்க வேண்டும், அதை வைத்துத்தான் எவ்வளவு பணம் எடுக்கலாம் என்று முடிவாகும். தையில் தொடங்கி பங்குனிவரை சம்பா, தாளடி அறுவடை. நெல் வண்டி வண்டியாக வந்து நிற்கும், சி.சி. விளிம்பு வரைக்கும் போயிருக்கும். அந்த மாதங்களில் பெரியவர் சாப்பிட்டுக்கொண்டே நெற்றியைத் தேய்ப்பார். குறுவை அறுவடைக்கு வேறு கவலை. புரட்டாசி, ஐப்பசியில் மழையும் சேர்ந்து வரும், நெல் ஈரமாக வரும்.

அதற்கும் முன்னால் மேட்டூர். வழக்கமாக ஜூன் 12 அன்று அணை திறக்க வேண்டும். 2022-இல் மே 24 அன்றே திறந்துவிட்டார்கள். 2024-இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். அணை தள்ளிப்போனால் ஆற்றுத் தண்ணீரை நம்பியவர்களின் குறுவை சுருங்கும். நெல் குறைந்தால் மில் ஓடும் நாள் குறையும். அந்த வருஷம் ஜூன், ஜூலை முழுக்க மகன் காலையில் வந்ததும் போனில் பார்த்தது அணையின் நீர்மட்டத்தைத்தான். லீவு கேட்க நான் அந்த வாரங்களில் போகவில்லை. அண்ணன் வீட்டு வளைகாப்புக்குக்கூட அரை நாள்தான் கேட்டேன்.

உங்கள் தொழிலுக்கும் இப்படி ஒரு நாட்காட்டி இருக்கும். ஜவுளிக்குத் தீபாவளி, முகூர்த்த மாதங்கள். உரக்கடைக்கு நடவு சமயம். பைனான்சுக்கு வருஷக் கணக்கு முடிகிற மார்ச். பழைய ஆட்களிடம் கேட்டால் சொல்லிவிடுவார்கள். நெருக்கடி மாதத்துக்கு ஒரு மாதம் முன்னாடியே அவருக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்து எடுத்து வையுங்கள். தீபாவளி போனஸ் எங்கள் மில்லில் சட்டப்படி குறைந்தது 8.33 சதவீதம். அந்தப் பட்டியலை ஆவணி முடிவதற்குள் நான் போட்டு மேஜையில் வைத்துவிடுவேன். அவர் கேட்டு நான் கொடுத்தது முதல் மூன்று வருஷம் மட்டும்தான். தொகை முன்னாடியே தெரிந்தால் அவர் பணம் புரட்ட நாள் கிடைக்கும், தொழிலாளர்களுக்கும் தீபாவளிக்கு முதல் நாள் ராத்திரி வரை காத்துக் கிடக்க வேண்டியிருக்காது.

கெட்ட சேதி உங்கள் வாயிலிருந்தே போகட்டும்

இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

2014 மாசி மாதம். ஒரே நாளில் பதினோரு லோடு நெல். எடைமேடையில் பிரிண்டர் பழுது, அதனால் எடையைக் கையால் எழுதினேன். மூன்றாவது லாரி நெல்லோடு 24,860 கிலோ. இறக்கிவிட்டு வந்து காலி வண்டியாக ஏறியபோது 9,140. நான் பதிவேட்டில் மேல் வரியில் இருந்த வேறு வண்டியின் எடையைப் பார்த்து 8,410 என்று எழுதிவிட்டேன். அதாவது 15,720 கிலோ நெல்லுக்கு 16,450 கிலோ என்று கணக்கு. 730 கிலோ அதிகம். கிலோ 14 ரூபாய். 10,220 ரூபாய் அதிகமாகப் போய்விட்டது. அப்போது என் சம்பளம் மாதம் 6,500.

வீட்டுக்கு வந்து இட்லிக்கு ஊற வைக்கும்போதுதான் உறைத்தது. அந்த லாரி காலியாக ஏறினாலே எப்போதும் ஒன்பது டன்னுக்கு மேல் காட்டும் வண்டி. மணி எட்டு. போனைக் கையில் எடுத்தேன், கீழே வைத்தேன். நாளைக்குக் காலையில் ஒருமுறை பதிவேட்டைப் பார்த்து உறுதி செய்துகொண்டு சொல்லலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

காலையில் நான் போய்ச் சேர்வதற்குள் எடைமேடைப் பையன் பெரியவரிடம் சொல்லிவிட்டான். அவர் சத்தம் போடவில்லை. என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். "உனக்கு எப்பம்மா தெரியும்?" என்று கேட்டார். "நேத்து எட்டு மணிக்கு ஐயா." கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "அந்த லாரி நேத்து பத்து மணி வரைக்கும் நம்ம கேட்டுக்கு எதுத்தாப்ல டீக்கடையிலதான் நின்னுச்சு. வியாபாரியும் கூடத்தான் இருந்தான். எட்டு மணிக்கு நீ சொல்லியிருந்தா நடந்துபோய் வாங்கிட்டு வந்திருப்பேன்." வியாபாரி அடுத்த லோடில் பாதியைக் கழித்துக்கொள்ள ஒப்புக்கொண்டார். மீதி 5,110 ரூபாய் நட்டம். என் சம்பளத்தில் பிடிக்கவில்லை. பிடித்திருந்தால்கூட எனக்கு மனசு ஆறியிருக்கும்.

தப்பு நடப்பதைப் பொறுத்துக்கொள்கிற முதலாளிகள் இருக்கிறார்கள். தான் தெரியாமல் தூங்கிய அந்த ராத்திரியை அவர்களால் பொறுத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பிறகு அவர் என் கணக்கை ஆறு மாதம் இரண்டாம் தடவை கூட்டிப் பார்த்தார். அதுதான் உண்மையான தண்டனை.

இப்போது நான் கெட்ட சேதி சொல்லும் முறை இது. முதல் வாக்கியத்தில் நடந்தது. இரண்டாவதில் எவ்வளவு ரூபாய். மூன்றாவதில் அவர் இந்த நிமிஷம் முடிவு செய்ய வேண்டியது. அன்றைக்கு நான் இப்படிச் சொல்லியிருக்க வேண்டும்:

"ஐயா, மூணாவது லோடுக்குக் காலி வண்டி எடையைத் தப்பா எழுதிட்டேன். 10,220 ரூபாய் அதிகமாப் போயிருக்கு. வண்டி கிளம்பியிருக்காது, வியாபாரிக்கு நான் போன் போடவா, நீங்க பேசறீங்களா?"

பலர் எப்படித் தொடங்குகிறார்கள் தெரியுமா? "ஐயா, ஒண்ணு சொல்லணும், கோவிச்சுக்கக் கூடாது..." அவ்வளவுதான். கேட்பவர் மனசு பத்தாயிரத்தைத் தாண்டிப் பத்து லட்சத்துக்குப் போய்விடும். நீங்கள் தொகையைச் சொல்வதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். காரணம், விளக்கம், பிரிண்டர் பழுது எல்லாம் அவர் கேட்டால் பிறகு சொல்லிக்கொள்ளலாம்.

நாலு வருஷம் கழித்து இந்தப் பாடம் கைகொடுத்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. எங்கள் ஊரில் போன் இல்லை, கரண்ட் இல்லை. வீட்டுக்காரரும் நானும் வண்டியை விழுந்த மரங்களுக்கு மேலே தூக்கித் தூக்கி மில்லுக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. கோடவுன் கூரைத் தகடு பாதியைக் காணோம். பெரியவர் எடைமேடையின் இரும்புத் தகட்டின் மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். அவரை அப்படித் தரையில் நான் பார்த்ததே இல்லை. ஆறுதல் சொல்ல வாய் வரவில்லை. நேரே கோடவுனுக்குள் போய், இரண்டு ஆட்களை வைத்துக்கொண்டு மூட்டைகளை எண்ணினேன். முக்கால் மணி நேரம் ஆனது. வெளியே வந்து சொன்னேன்: "ஐயா, 640 மூட்டை நனைஞ்சிருக்கு. 1,100 மூட்டை நல்லா இருக்கு, தார்ப்பாய் போட்டு மூடியாச்சு. நனைஞ்சதை எடத்தவிட்டு எடுக்கறதுக்கு முன்னால இன்சூரன்சுக்குப் போட்டோ எடுக்கணும்." அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஆயிரத்து நூறு இருக்கா?" என்றார். எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

மறுத்துப் பேசுவது

மறுத்துப் பேசாமல் நல்ல உறவு இருக்க முடியாது. எதற்கும் தலையாட்டுகிறவரின் "சரி"க்கு மதிப்பு கிடையாது என்று முதலாளிக்கே தெரியும். எங்கே, எப்படி என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

தரகர், லாரி டிரைவர், சுமைதூக்கும் ஆட்கள், வீட்டு மனிதர்கள் இவர்கள் முன்னால் ஒரு வார்த்தையும் மறுத்துப் பேசாதீர்கள். அவர் சொன்னது நூறு சதவீதம் தப்பாக இருந்தாலும் சரி. உடனே நிறுத்தியே ஆக வேண்டும் என்றால் "ஐயா, பேங்க்லேர்ந்து போன் வந்துச்சு, ஒரு நிமிஷம்" என்று சொல்லி உள்ளே கூப்பிட்டுக்கொள்ளலாம் என்று எங்களுக்குள் ஒரு ஏற்பாடே இருந்தது. வேலையில் கொஞ்சம் பழகியதும் நீங்களும் அவரிடமே கேட்டு இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை ஐப்பசி மழையில் அவருடைய சொந்தக்காரர் ஒருவர் ஈர நெல்லைக் கொண்டுவந்து நிறுத்தினார். மீட்டரில் 22 சதவீதம் ஈரம். அரசு கொள்முதல் நிலையத்தில் 17 சதவீதம்தான் வரம்பு, மத்திய அரசு தளர்வு கொடுத்தால் கொஞ்சம் கூடும். அங்கே எடுக்காததால் எங்களிடம் வந்திருக்கிறார். விலையும் காய்ந்த நெல் விலை கேட்கிறார். பெரியவருக்கு உறவுக்காரரிடம் முகம் முறிய மனசில்லை. நான் "வேண்டாம்" என்று சொல்லவில்லை. பழைய பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். 100 கிலோவில் தண்ணீர் 22, மீதி 78. அரவைக்கு 14 சதவீத ஈரத்துக்குக் காய வைத்தால் அந்த 78 கிலோதான் மொத்த எடையில் 86 சதவீதம். 78-ஐ 0.86-ஆல் வகுத்தால் 90.7. அதாவது நூறு கிலோவுக்குப் பணம் கொடுத்து ஒன்பது கிலோவுக்கு மேல் தண்ணீரை ஆவியாக அனுப்புகிறோம், அதற்கு எரிக்கிற உமி தனி. அவர் சீட்டைப் பார்த்துவிட்டு அதையே சொந்தக்காரரிடம் நீட்டினார். "பாருங்க மாப்ள, கணக்கு இப்படி இருக்கு. தொண்ணூறு கிலோவுக்குப் போட்டுக்கலாமா?" முகமும் முறியவில்லை, நெல்லும் வந்தது.

உங்கள் கருத்தை அவர் மறுப்பது சுலபம். எழுதிக் கொடுத்த கணக்கு அவருக்கு அடுத்தவரிடம் காட்ட ஒரு காகிதமாகிவிடும்.

செய்யக் கூடாததைச் செய்யச் சொன்னால் என்ன செய்வது என்று அவள் கேட்டாள். எனக்கும் ஒருமுறை அது நடந்தது, ஒரு பில்லின் தேதியை மாற்றி எழுதச் சொன்னார்கள். "ஐயா, ஆடிட்டரை ஒரு வார்த்தை கேட்டுட்டு எழுதிடறேன். நாளைக்கு நோட்டீஸ் வந்தா அவருதானே பதில் சொல்லணும்" என்றேன். ஜி.எஸ்.டி. கணக்கைத் தாக்கல் செய்ய மாதாமாதம் 11-ஆம் தேதி, 20-ஆம் தேதி என்று கெடு இருக்கிறது, எதிர்ப்பக்கத்து வியாபாரியின் கணக்கில் பழைய தேதி நிற்கும், இரண்டும் ஒட்டாது என்பதையும் சொன்னேன். பேச்சு அதோடு நின்றது. நிற்காமல் போனால் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் கேள்வி வரும்போது பதில் சொல்ல வேண்டியது கையெழுத்துக்காரர்.

ஆட்களுக்கும் அவருக்கும் நடுவில்

கணக்கில் உட்கார்ந்தால் இரண்டு பக்கமும் உங்களைப் பிடிப்பார்கள். மூட்டைக் கூலியை ஏற்றச் சொல்லுங்க அக்கா என்று ஆட்கள் வருவார்கள். யார் என்ன பேசுகிறார்கள் என்று முதலாளி கேட்பார். கேட்டவர் அனுமதியோடு கோரிக்கையைக் கொண்டுபோங்கள், பெயரைக் கொண்டுபோகாதீர்கள். கோள் ஒருமுறை சொல்லிவிட்டால் முதலாளியே அடுத்த நாளிலிருந்து உங்கள் முன்னால் வாயைத் திறக்க யோசிப்பார்.

தம்பி சார் ஆனபோது

புயலுக்குப் பிறகு பெரியவர் மில்லுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டார். 2019-இல் மகன் பொறுப்பேற்றார். நான் சேர்ந்தபோது அவர் ஏழாம் வகுப்பு. ஆபீசில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிய பிள்ளை, எனக்குத் தம்பி. முதல் நாள் எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை. ஒரு நாள் முழுக்கக் கூப்பிடாமலே சமாளித்தேன். மறுநாள் காலை தரகர் ஒருவர் உட்கார்ந்திருக்கும்போது "சார்" என்றேன். அவர் சட்டென்று திரும்பிப் பார்த்தார். அன்று சாயங்காலம் "எதுக்கு அக்கா சார்லாம்?" என்றார். "வெளி ஆளுங்க முன்னாடி அப்படித்தான் தம்பி. நானே தம்பின்னா தரகரும் தம்பிம்பார், அப்புறம் விலை பேச முடியாது" என்றேன். இன்றுவரை அப்படித்தான் ஓடுகிறது. ஆள் இருந்தால் சார், இல்லாவிட்டால் தம்பி.

அவருடைய முறை அப்பாவின் முறைக்கு நேர் எதிர். நேரில் போய் நின்றால் பிடிக்காது. வாட்ஸ்அப்பில் மூன்று வரி போதும்: வரவு நெல், அரைத்தது, கையிருப்பு. நான் கூட்டிய கணக்கை எல்லாம் இரவு உட்கார்ந்து மறுபடி கூட்டிப் பார்த்தார். பதினைந்து வருஷம் கணக்கு எழுதியவளுக்கு அது முள்ளாகத்தான் குத்தியது. "அப்பா காலத்தில் இப்படித்தான்" என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கினேன். அவர் கேட்ட வடிவத்தில், கேட்ட நேரத்தில், முப்பது நாள் ஒரு நாளும் தவறாமல் அனுப்பினேன். இரண்டாம் மாதம் பாதியில் கூட்டிப் பார்ப்பதை அவரே நிறுத்திவிட்டார். புது முதலாளி நம்மைச் சோதிப்பதை அவமானமாக எடுத்துக்கொண்டால் அந்தச் சோதனை முடியவே முடியாது.

சம்பளம் கேட்பது

வருஷக் கணக்கை மார்ச்சில் முடித்து, அறுவடை நெருக்கடியும் தீர்ந்த பிறகு, சித்திரை கடைசியிலோ வைகாசியிலோ கேளுங்கள். தனியாகக் கேளுங்கள். வீட்டுக் கஷ்டத்தை வைத்துக் கேட்காதீர்கள், கஷ்டத்துக்கு அவர் கைமாற்று கொடுத்து முடித்துவிடுவார். நான் ஒரு தாளில் இரண்டு பத்தி எழுதிக்கொண்டு போனேன். இடப்பக்கம் 2016-இல் நான் பார்த்த வேலை, வலப்பக்கம் இப்போது பார்ப்பது: ஜி.எஸ்.டி., இ-வே பில், பி.எப்., வங்கி அறிக்கை, தவிடு ஏலம். கேட்கும் தொகையைக் கீழே எழுதியிருந்தேன்.

பதில் எப்போதும் "பாக்கலாம்"தான். நம் ஊரில் "பாக்கலாம்" என்பது சம்மதமும் கிடையாது, மறுப்பும் கிடையாது. அதோடு எழுந்து வந்துவிட்டால் அடுத்த வைகாசிவரை அதே "பாக்கலாம்". "சரி சார், எந்தத் தேதில வந்து கேக்கட்டும்?" என்று கேளுங்கள். தேதி சொல்வார். அந்தத் தேதியில் போங்கள். ஒரு நாள் முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம்.

அட்வான்ஸ் பற்றி ஒன்று. அவசரத்துக்கு வாங்கலாம், நான் வாங்கியிருக்கிறேன். ஆனால் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் அட்வான்ஸ் நின்றால் சம்பளமும் கேட்க முடியாது, மறுத்தும் பேச முடியாது, வேலையை விடவும் முடியாது. எங்கள் மில்லிலேயே அப்படி மாட்டிக்கொண்டு பத்து வருஷம் வாயைத் திறக்காமல் இருந்த ஒரு ஆளை எனக்குத் தெரியும். அவர் அட்வான்ஸ் கணக்கை எழுதியதே நான்தான். ஒவ்வொரு தீபாவளிக்கும் போனசைக் கழித்துக்கொண்டே வருவேன், கை நடுங்கும்.

எது உங்கள் வேலை இல்லை

முதலாளி வீட்டுக் கல்யாணம் என்றால் போய் இரண்டு நாள் மொய் எழுதிக் கொடுங்கள். சந்தோஷமாகச் செய்யுங்கள், அவர்களும் நம் வீட்டு விசேஷத்துக்கு வருகிறவர்கள்தான். அதுவே வாராவாரம் வீட்டுச் சாமான் வாங்கி வருவதாக மாறினால், மூன்றாம் வாரமே "கணக்கு நிக்குது சார், யாராவது பையனை அனுப்பிடலாமா?" என்று சொல்லிவிட வேண்டும். பத்தாவது வாரம் சொன்னால் அது சண்டையாகத்தான் கேட்கும்.

நான் சொன்னதெல்லாம் அடிப்படையில் நேர்மையான முதலாளிக்குத்தான் பொருந்தும். ஆறு மணிக்கு மேல் காரணமில்லாமல் நிறுத்தி வைப்பவர், கெட்ட வார்த்தை பேசுபவர், தோளைத் தொட்டுப் பேசுபவர், இவர்களிடம் நேரம் பார்த்துப் பேசுவதும் கணக்கு எழுதிக் கொடுப்பதும் ஒன்றும் செய்யாது. பெண் பிள்ளைகளுக்கு இதை அழுத்திச் சொல்கிறேன். பத்துப் பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் பாலியல் தொல்லை புகாரைக் கேட்க உள்ளகக் குழு இருக்க வேண்டும் என்று 2013-ஆம் வருஷத்துச் சட்டம் சொல்கிறது. பத்துக்குக் குறைவு என்றாலோ, புகார் முதலாளி மேலேயே என்றாலோ, மாவட்டத்தில் இருக்கும் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். 181 என்ற எண்ணுக்குக் கூப்பிட்டால் வழி சொல்வார்கள். வீட்டில் ஒருவரிடமாவது அன்றைக்கே சொல்லுங்கள். தேதி போட்டு எழுதி வையுங்கள்.

வேலையை விடுவது என்று முடிவானால் சொல்லாமல் நிற்காதீர்கள். ஒரு மாதம் முன்னால் எழுதிக் கொடுத்து, பி.எப். எண்ணையும் அனுபவச் சான்றிதழையும் கேட்டு வாங்கிக்கொண்டு, பீரோ சாவியை அவர் கையிலேயே கொடுங்கள், மேஜை மேல் வைத்துவிட்டு வராதீர்கள்.

நேற்று ராத்திரி மறுபடியும் போன். இரண்டு சேலைக்கு ஒரே பில் போட்டு, ஒரு சேலையின் 1,850 ரூபாயை விட்டுவிட்டாளாம், வாங்கியவர் போய்விட்டாராம். "நாளைக்குக் காலைல சொல்லவா அத்தை?" என்று கேட்டாள். மணி ஒன்பதே கால். அவர் கடையைச் சாத்துவது ஒன்பதரைக்கு என்று அவள் நோட்டிலேயே எழுதியிருக்கிறாள். போனை வைக்கச் சொன்னேன்.